சார்ள்ஸ்டனில் ஒரு பின்வளவு வீடு

என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அவள் என்னைத் தனியே கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள். அந்தக் குடும்பத்துக்கு நான் மருமகளாகி அப்போது பதினைந்து வருடம். அதுவரையில் அவள் என்னைத் தனியே எங்கும் கூப்பிட்டதில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இருக்கவில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துவோம், ஒருவர் சமைத்ததை மற்றவர் நன்றாயிருக்கிறது என்போம், அவ்வளவுதான். நான் பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவள். அவள் இங்கேயே பிறந்தவள். நான் அவள் அண்ணனைக் கட்டியபோது அவளுக்குப் பதினாறு வயது. இப்போது முப்பத்தொன்று.

கோப்பிக்கடையின் மூலை மேசையில் உட்கார்ந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மச்சாள், என்ரை பச்சிலரெற்றை நீங்கள் பிளான் பண்ணித் தரேலுமே?"

பச்சிலரெற் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே இளம் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னர் தோழிகளோடு எங்காவது போய் இரண்டு மூன்று நாள் சிரித்துவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை படங்களைக் காட்டுவார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதாகத் தெரியாது. என்னுடைய கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் நான் ஸ்காபரோ மண்டபத்துக்கு எத்தனை கதிரை வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உம்மடை ஃப்ரெண்ட்ஸ் செய்ய மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"நாலு பேரும் நல்ல பிள்ளையள். ஆனா ஒருத்தியாலும் ஆறு பேரை நேரத்துக்கு ஒரு இடத்துக்குக் கொண்டுபோக ஏலாது. நீங்கள் கொன்ரெயினரையே நேரத்துக்கு அனுப்புறனீங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆறு பேரெண்டால்?"

"நான், அவையள் நாலு பேர், நீங்கள்."

என்னையும் கூட்டிப்போகிறாள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓம் என்றேன். இடத்தை அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அமெரிக்காவின் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் சார்ள்ஸ்டன். கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக வரிசையாய்ப் பழைய வீடுகள், பக்கவாட்டில் நீண்ட விறாந்தைகள், கல் பதித்த தெருக்கள், ஓலை மரங்கள், குதிரை வண்டி. மூன்று வருடமாக அந்தப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். கல்யாணம் ஜூனில். இது ஏப்ரலில், ஒரு வார இறுதி.

மாமியிடம் சொல்வது என் பொறுப்பாயிற்று. மாமி, ரொறன்ரோவுக்குக் கிழக்கே, அஜக்ஸில் எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் எதைப் பற்றிக் கதைத்தாலும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவார்.

"பொம்பிளைப் பிள்ளையள் ஆறு பேரும் தனியவோ?"

"ஓம் மாமி. மூண்டு நாள்தான்."

"பொம்பிளை கலியாணத்துக்கு முந்தி வீட்டை விட்டு வெளிக்கிடுறதோ? அங்கை என்ன கிடக்கு?"

"கடல் இருக்கு. பழைய வீடுகள், பழைய சேர்ச்சுகள் கன இருக்காம்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆரும் கேட்டால் கோயில் பாக்கப் போகினமெண்டு சொல்லுவம்," என்றார். அப்படியே சொல்லியும் வந்தார். அந்த வருடம் முழுவதும் எங்கள் உறவினர் பலர் நாங்கள் ஏதோ யாத்திரை போய் வந்தோம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த ஆறு வாரமும் எனக்கு நன்றாக இருந்தன. மதிய இடைவேளையில் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பி, சரக்குக் கப்பல்களின் பட்டியலை மூடிவிட்டு, சார்ள்ஸ்டனைத் திறப்பேன். தெருக்களின் பெயர்கள் மனப்பாடமாகிவிட்டன. கடல் எத்தனை மணிக்கு வற்றும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஆறு பேருக்கு மேசை கிடைக்கும், எது நடக்கிற தூரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தோழிகளில் ஒருத்திக்குக் கச்சான் கடலை ஒவ்வாது, ஒருத்தி குடிக்கமாட்டாள், இன்னொருத்திக்குப் படகு என்றால் தலைசுற்றும். எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் நிறம் நிறமாகப் போட்டேன். மற்றவர்களின் சாமான்களை மற்றவர்களின் துறைமுகங்களுக்கு அனுப்பியே என் வேலைக்காலம் போயிருந்தது. ஒருவரின் சந்தோசத்துக்காக நேரங்களைக் கோர்ப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டையும் கண்டுபிடித்தேன். இருநூறு வருடப் பழைய வீடு, இளஞ்சிவப்பு, இரண்டு மாடிக்கும் விறாந்தை. பெரிய வீட்டில் மூன்று அறைகள், ஐந்து கட்டில்கள். பின்வளவில், செடிகளுக்கு நடுவே, செங்கல்லால் கட்டிய தனிச் சிறுவீடு ஒன்று. பழைய குசினி வீடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. உள்ளே ஆள் உயர அடுப்பு வாய், அதன் பக்கத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு கட்டில். அமைதியானது, தனிமையை விரும்புபவருக்கு ஏற்றது என்று எழுதியிருந்தார்கள்.

அதை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவள், அந்த நாலு பேரில் கணவரின் தங்கைக்கு மிக நெருங்கிய தோழி.

இரண்டு பேரும் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரே அடுக்குமாடியின் ஒரே தளத்தில் ஆறு வயது முதல் வளர்ந்தவர்கள். தோழி கறுப்பினப் பெண். அவளுடைய அம்மா வேலை முடிந்து வரும்வரை பின்னேரங்களில் மாமி வீட்டில்தான் இருப்பாள். மாமி அவளுக்குப் புட்டும் மீன்குழம்பும் குழைத்துக் கொடுத்து வளர்த்ததாகச் சொல்வார். இன்றைக்கும் அவள் வந்தால் மாமியின் முகம் மலரும். அவள் தாதி. இரவு வேலை மாறி மாறிச் செய்து அவளுடைய நித்திரை குழம்பிப் போயிருந்தது. சின்னச் சத்தத்துக்கும் எழும்பிவிடுவாள் என்று தங்கை சொல்லியிருந்தாள். ஆகவே பின்வளவு வீட்டுக்கு நேரே அவள் பெயரைப் போட்டேன். இதை எவ்வளவு கவனமாக யோசித்துச் செய்திருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். மாமி ரோல்ஸ் பொரித்திருந்தார். நான் ஷீட்டை ஆறு பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பெண்கள் கலகலவென்று கதைத்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே நிறத்தில் உடுப்பதா, மணப்பெண் மட்டும் வெள்ளையா என்று அரை மணித்தியாலம் வாதம் நடந்தது. அந்தத் தோழி மட்டும் தன் தாளை மேலிருந்து கீழாக வாசித்தாள். பிறகு அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அன்றைக்கு அவள் அதிகம் கதைக்கவில்லை. இரவு வேலைக் களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் போன பிறகும் நின்று என்னோடு பாத்திரம் துடைத்தாள். நான் அவளுடைய காரடிக்கு வழியனுப்பப் போனேன். குளிர் அதிகம் இல்லை, பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. அவள் சின்ன வயது முதல் எங்கள் ஆட்களோடு பழகியதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மற்றதெல்லாம் ஆங்கிலம். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். கோபிக்காதீர்கள். அந்தப் பின்பக்க வீட்டில் நான் படுக்கமாட்டேன்."

தனியாக இருக்கப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "பயமெண்டால் நானும் அங்கை வாறன். இன்னொரு கட்டில் போடச் சொல்லிக் கேக்கலாம்," என்றேன்.

"பயம் இல்லை. அது குசினி. அந்த நாளில் அங்கே சமைத்தவர்களை அந்த வீட்டுக்காரர்கள் விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அவர்கள் படுத்ததும் அந்தக் குசினியில்தான்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு பேரில் என்னைத்தான் அங்கே போட்டிருக்கிறீர்கள்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "உமக்கு நித்திரை…" என்று தொடங்கினேன்.

"தெரியும் அக்கா. ஏன் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உள்ளே எல்லாருக்கும் முன்னால் சொல்லவில்லை."

காரின் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய அம்மாவின் ஆட்கள் நோவா ஸ்கோஷியாக்காரர். அவர்களின் முன்னோர் அடிமைகளாக இருந்து, இருநூறு வருடங்களுக்கு முன்னரே தப்பிக் கப்பலேறி அங்கே வந்தவர்கள். அந்தக் கப்பல் புறப்பட்டது சார்ள்ஸ்டனிலிருந்து என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பதினைந்து வருடமாக அவளை எனக்குத் தெரியும். அந்த அடுக்குமாடியில் ஜமேக்காக்காரர் பலர் இருந்ததால் அவளும் ஜமேக்கா என்றே நினைத்திருந்தேன். கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும் விட அவளுடைய குடும்பம் இந்த நாட்டில் எவ்வளவு பழையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் மதியம் வேலையிடத்தில் அந்த விளம்பரத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். எல்லாம் முன்னைப் போலத்தான் இருந்தது, அடுப்பு வாய், வெள்ளை விரிப்பு. நான் அதை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். குசினி வீடு என்ற சொல்லை வாசித்தும் இருக்கிறேன். பெரிய வீட்டுக்குப் பின்னால் ஏன் ஒரு குசினி, அதில் யார் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்காவது தோன்றாமல் போயிருந்தால் நான் இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். என் அப்பாவின் ஆட்கள் ஊரில் மற்றவர்களின் தோட்டங்களிலும் வளவுகளிலும் வேலை செய்தவர்கள். சாதியின் பெயரை எழுத விருப்பமில்லை. எங்கள் ஆட்களுக்கு எழுதாமலே தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. அப்பா இளவயதில் வேலைக்குப் போன வீடுகளில் முன்வாசலால் போகமாட்டார். பின்வேலியில் அவருக்கென்று ஒரு தகரப் பேணி செருகி வைத்திருப்பார்கள். தேநீரை உயரத்திலிருந்து அதில் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுத் தானே கழுவித் திரும்பச் செருகிவிட்டு வருவார். ரொறன்ரோவில் முப்பது வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் இன்னாரைக் கட்டப் போகிறேன் என்று சொன்ன நாளில் சொன்னார்.

"அவர் நல்ல பிள்ளை. கட்டு," என்றார். "ஆனா அந்த வீட்டு ஆக்கள் எங்கடை வீட்டிலை தண்ணி குடிக்க மாட்டினம். நீ அதுக்கு அழக்கூடாது."

அப்படித்தான் நடந்தது. நிச்சயம் பேச வந்த அன்று, எங்கள் வீட்டில் அம்மா கொண்டுவந்த தேநீர்த் தட்டைப் பார்த்து மாமி, "எனக்கு வயிறு சரியில்லை," என்றார். அதற்குப் பிறகு பதினைந்து வருடத்தில் நாலு தடவை என் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். நாலு தடவையும் வயிறு சரியில்லை. என் கையால் சமைத்ததைச் சாப்பிடுவார். நான் அவருடைய மகனைக் கட்டியதோடு ஏதோ ஒரு விதத்தில் மாறிவிட்டேன் போலும். நானும் அழவில்லை. அழாமல் இருந்து இருந்து அது பழகிவிட்டது. அந்த வீட்டில் யாரோடும் நான் அதைக் கதைத்ததில்லை, என் கணவரோடுகூட. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

அந்த வாரம் தங்கைக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு தையற்கடையில் சட்டை அளவு பார்க்க வேண்டியிருந்தது. நான் காரில் கூட்டிப்போனேன். கடை திறக்கவில்லை. வெளியே தரிப்பிடத்தில் கார் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். அங்கேதான் தோழி சொன்னதை அவளிடம் சொன்னேன்.

அவள் முதலில் கோபப்பட்டாள். "என்னட்டை ஏன் சொல்லேல்லை? இருவத்தஞ்சு வருஷம், மச்சாள். ஷீ இஸ் மை சிஸ்டர்."

"நீர் அந்த இடத்தைப் பற்றி எவ்வளவு சந்தோசமாக் கதைச்சுக்கொண்டிருந்தனீர். அதைக் கெடுக்க அவவுக்கு மனம் வரேல்லையாக்கும்."

"ஐ நெவர் ஈவன் தோட் எபவுட் இற்." கைபேசியில் சேர்த்து வைத்த படங்களைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "கான்சல் பண்ணுவம். வேறை எங்கையாவது போவம்."

"அதை அவவிட்டைக் கேட்டுப்போட்டுச் செய்யும்."

"நீங்களும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தனக்குத் துணை தேடுகிற குரல்.

அப்போது சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அப்பாவைப் பற்றியும் வேலியில் செருகிய பேணியைப் பற்றியும் சொன்னேன். நிச்சயம் பேசிய நாளைப் பற்றியும் சொன்னேன். அவளுடைய அம்மாவைப் பற்றி அவளிடமே சொல்கிறேன் என்ற பயம் இருந்தது, ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். "அம்மாவுக்கு உண்மையா வயித்திலை பிரச்சினை எண்டுதான் நான் நினைச்சன்," என்றாள். "எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கு. உங்கடை அம்மா எனக்கு ஒரேஞ் ஜூஸ் தந்தவா. நான் குடிச்சனான்."

"ஓம். நீர் குடிச்சனீர். ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சனீர்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தையற்கடைக்காரப் பெண் வந்து கதவைத் திறந்தார். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். கை கொஞ்சம் இறுக்கம் என்று அவிழ்த்துத் தைக்கச் சொன்னோம்.

திரும்பும்போது காரிலிருந்தபடியே அவள் தோழிக்கு அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தங்கை ஏதோ சொல்லத் தொடங்கி மன்னிப்புக் கேட்டாள், பிறகு பயணமே வேண்டாம் என்றாள். தோழி சிரித்தாள்.

"நான் வரமாட்டேன் என்று எப்போது சொன்னேன்? அந்த இடத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு நாளாக ஆசை தெரியுமா? எனக்கு அந்தக் கட்டில் வேண்டாம், அவ்வளவுதான். வேறு வீடு பிடியுங்கள். பெரிய குளிர்பெட்டி உள்ள வீடு."

அப்படியே செய்தேன். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு புது வீடு கிடைத்தது. மூன்று அறை, அறைக்கு இரண்டு பேர், விறாந்தை கிடையாது. குளிர்பெட்டி மட்டும் பெரிதாக இருந்தது. அது போட்ட சத்தத்துக்குத் தோழி மூன்று நாளும் பஞ்சை உருட்டிக் காதுக்குள் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். பக்கத்துக் கட்டிலில் நான்.

ஏப்ரலில் பஃபலோ வரை இரண்டு காரில் போய் அங்கிருந்து விமானம் ஏறினோம். எல்லையில் அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே மாதிரி எழுத்துப் போட்ட சுவெட்டர் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு அவரே கையை அசைத்துப் போகச் சொன்னார்.

சார்ள்ஸ்டன் படங்களில் இருந்ததைப் போலவே அழகாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அஜக்ஸில் மரங்கள் மொட்டையாக நின்றன. அங்கே வேலியெங்கும் பூ. வெள்ளிக்கிழமை பின்னேரம் இறாலும் சோளக்கஞ்சியும் சாப்பிட்டோம். மாமி வைக்கும் இறால் குழம்பைவிட உறைப்புக் குறைவு என்று தங்கை சொல்லிவிட்டு இரண்டு கோப்பை சாப்பிட்டாள். சனிக்கிழமை கடற்கரை, பிறகு படகு. தலை சுற்றுகிறவளுக்குச் சுற்றவில்லை, எனக்குத்தான் சுற்றியது. மணப்பெண் என்று எழுதிய பட்டியை அவளுக்குத் தோளில் கட்டித் தெருவில் நடந்தோம். முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். பீச் பழம் போட்ட ஏதோ ஒன்றை நானும் குடித்து, நாற்பத்துமூன்று வயதில், தெருப் பாட்டுக்காரருக்கு முன்னால் ஆடினேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.

ஞாயிறு காலை, கப்பல்கள் புறப்பட்ட பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தோழி சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் போவதாகத்தான் பேச்சு. கதவைத் திறக்கும்போது தங்கை ஈரத் தலையோடு செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். மூன்று பேரும் போனோம்.

வழியில் தோழி, "முதலில் பிடித்த வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெருக்கள் மனப்பாடம். இரண்டு சந்தி தள்ளிக் கூட்டிப்போனேன். இளஞ்சிவப்பு வீடு. இரும்புப் படலைக்குள்ளால் பார்த்தால் பின்வளவும், செங்கற் சுவரின் ஒரு பக்கமும், புகைபோக்கியும் தெரிந்தன. மேல் விறாந்தையில் வேறொரு பெண்கள் கூட்டம் இரவு உடையோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்திக்கும் தோளில் பட்டி இருந்தது. எங்களைக் கண்டதும் கையசைத்தார்கள். தோழியும் கையசைத்தாள். பிறகு படலைக் கம்பியைப் பிடித்தபடி அந்தப் புகைபோக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போவோம் என்று அவள்தான் சொன்னாள்.

துறைமுகப் பக்கம் இப்போது பூங்கா. உட்கார வாங்குகள், நாயோடு நடப்பவர்கள், தூரத்தில் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று. தோழி தன் அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தாள். கைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பிறகு அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. "வெயில் அடிக்கிறதே, தொப்பி கொண்டுபோனாயா?"

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே தோழி கண்ணைத் துடைத்தாள்.

வாங்கில் இருந்தபோது நான் அவளிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தோழிக்கும் சொல்லுங்கள் என்று தங்கை முன்னரே என்னிடம் கேட்டிருந்தாள். அவள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். என்னுடைய கதையைச் சொல்லித் தோழியுடையதைச் சின்னதாக்குகிறேனோ என்ற தயக்கம் இருந்தது. அதையும் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்திருக்க வேண்டியவள் நான், என்றேன்.

தோழி மாமியை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். "அன்ரி எனக்கு வாயில் ஊட்டியிருக்கிறா," என்றாள். "தன் கையால். எனக்கு ஆறு வயது."

"தெரியும்."

"எனக்கு அது விளங்கவில்லை, அக்கா."

எனக்கும் விளங்கவில்லை என்றேன். தங்கை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். அவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சத்தில் என்னுடையதையும். எங்கள் வீட்டில் அப்படிக் கைபிடிக்கிற பழக்கம் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி ஒரு கிழமைக்குள் தங்கை கேட்டுவிட்டாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, மச்சாளின்ரை அம்மா வீட்டிலை நீங்கள் ஏன் தேத்தண்ணி குடிக்கிறேல்லை?"

மாமி சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "உது ஆர் உனக்குச் சொன்னது?" கேட்டது அவளை, பார்த்தது என்னை.

"நான் சொன்னனான்," என்றேன்.

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவள் சொன்னதிலை என்ன பிழை, அம்மா?" என்றார். இவ்வளவு வருடத்தில் அவர் இதைப் பற்றிச் சொன்ன முதல் வசனம் அது.

"அது அந்தக் காலம். இப்ப ஏன் உதெல்லாம்?" என்று மாமி எழும்பிக் கை கழுவப் போனார்.

ஒன்பது நாள் மாமி என்னோடு நேராகக் கதைக்கவில்லை. வேண்டியதை என் மகள் மூலமாகக் கேட்டார். பத்தாம் நாள் பிறஷர்க் குளிசை எங்கே என்று என்னிடமே கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தார். ஆனால் என் அம்மாவின் வீட்டுக்கு மாமி அதன் பிறகு வரவில்லை. வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. முன்னைப் போல அதை நினைத்துக்கொண்டும் இருப்பதில்லை.

தங்கை இப்போது மிசிசாகாவில், என் வேலையிடத்திலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறாள். புதன்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். தோழி போன கோடையில் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நோவா ஸ்கோஷியாவுக்குப் போய் வந்தாள். அந்தப் பயணத்தையும் நான்தான் ஒழுங்கு செய்தேன்.

இதையெல்லாம் என் மகளுக்குச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது. அவளுக்கு இப்போது பதினான்கு. ஒரு சனிக்கிழமை என் அம்மா அப்பாவைப் பார்க்க 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது, "நான் தாத்தாவிட்டை நேராக் கேக்கலாமா?" என்றாள்.

"கேள்," என்றேன். "விருப்பமில்லாட்டி அவர் சொல்ல மாட்டார்."

போனதும் கேட்டாள். நான் குசினியில் அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னறையில் அப்பாவின் குரல் நீண்ட நேரம் ஒரே சீராகக் கேட்டது, இடையில் மகளின் கேள்விகள். சொற்கள் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா, முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளில் பிரேக் இல்லாமல் கிணற்றுக்கட்டில் போய் மோதிய கதைக்கு வந்துவிட்டார். அது எனக்குத் தெரிந்த கதை. மகள் சத்தமாகச் சிரித்தாள். அம்மா கீரைத் தண்டை ஒடித்தபடி, "என்னவாம் அங்கை?" என்று கேட்டார்.